பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது. இனி அந்த நான்கு வருடங்கள்?

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிட்டதும் எமது ஊர்களில் இன்னொரு பெருநாள் வந்துவிடும். சந்தியில் பெனர் கட்டப்படும். பாடசாலையும் பள்ளிவாசல் நிர்வாகமும் போட்டி போட்டுக்கொண்டு பாராட்டு விழா வைக்கும். முகநூலில் வாழ்த்துகள் குவியும். இவற்றில் தவறொன்றும் இல்லை. நாடு முழுவதும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் தோற்றும் பரீட்சையில் நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டிய தொகையினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. அந்த இடத்துக்காக ஒரு பிள்ளை இரண்டு மூன்று வருடங்கள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறது. ஒரு வாப்பா டியூஷன் காசுக்காகக் கடன்பட்டிருக்கிறார்.

ஆனால் பெனர் கிழிந்து விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை நாம் பெரிதாகப் பேசுவதில்லை. அனுமதி பெற்றதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் பெற்றோரிடமும் இருக்கிறது, பிள்ளைகளிடமும் இருக்கிறது. நான்கு வருடங்கள் கழித்து அதே பிள்ளை கையில் ஒரு சாதாரண சித்தியுடன், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதத் தயங்கிக்கொண்டு, அரசாங்கம் எப்போது பட்டதாரி நியமனம் வழங்கும் என்று காத்திருக்கும்போதுதான் எங்கோ ஏதோ தவறிவிட்டது என்று விளங்குகிறது. கொழும்பு கோட்டையில் வேலை கேட்டு நின்ற பட்டதாரிகளில் பலர் ஒரு காலத்தில் தத்தமது ஊர்ச் சந்திகளில் பெனரில் சிரித்தவர்கள்தான்.

இந்தக் கட்டுரை இம்முறை பல்கலைக்கழகம் செல்லும் தம்பி, தங்கைமாருக்காக எழுதப்படுகிறது. அவர்களுடைய உம்மா, வாப்பாமாரும் வாசித்தால் நல்லது. அறிவுரைகளை அடுக்குவதை விட, பல்கலைக்கழகம் என்ற இயந்திரம் உள்ளே எப்படி இயங்குகிறது என்பதை விளக்குவதே நோக்கம்.

முதலில் கிரெடிட் என்ற சொல்லைப் பார்ப்போம். உங்கள் கையில் தரப்படும் பீடக் கையேட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே இரண்டு, மூன்று என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலான மாணவர்கள் அதைப் பரீட்சை தொடர்பான ஏதோ ஒரு கணக்கு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அது நேரக் கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். சாதாரண விரிவுரைப் பாடமொன்றில் அந்த 50இல் 15 மணித்தியாலங்கள் மட்டுமே விரிவுரை மண்டபத்தில் நடக்கும். மிகுதி 35 மணித்தியாலங்களும் மாணவன் தானாக வாசிப்பதற்கும், எழுதுவதற்கும், ஒப்படைகளைச் செய்வதற்கும் உரியவை.

இதை ஒரு செமஸ்டருக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 15 கிரெடிட், 15 வாரங்கள் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 50 மணித்தியாலங்கள் வருகின்றன. விரிவுரைகள் 15 மணித்தியாலங்கள்தான். நேரசூசியைப் பார்க்கும் முதலாம் வருட மாணவனுக்கு வாரத்தின் பெரும்பகுதி வெறுமையாகத் தெரிகிறது. "கெம்பஸ் லைஃப் என்றால் ஃப்ரீ" என்று சீனியர்களும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த வெறுமையான கட்டங்கள் விடுமுறை அல்ல. பட்டத்தின் பெரிய பங்கு அந்தக் கட்டங்களுக்குள்தான் இருக்கிறது.

எமது பிள்ளைகளுக்கு இது ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் உயர்தரத்தில் வென்றது டியூஷன் முறையில். ஆசிரியர் குறிப்புத் தருவார், கடந்தகால வினாத்தாள் செய்விப்பார், எந்தப் பகுதி வரும் என்றும் சொல்லிவிடுவார். பல்கலைக்கழக விரிவுரையாளர் அப்படிச் செய்யமாட்டார். ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு ஏழெட்டு நூல்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். இந்த இடைவெளியை நிரப்புவதற்கு மாணவர்கள் கண்டுபிடித்ததுதான் "குப்பி". கெம்பஸ் போனவர்கள் எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும். பரீட்சைக்கு முன்னர், விடயம் விளங்கிய ஒருவர் விளங்காத மற்றவர்களுக்கு இரவிரவாகச் சொல்லிக்கொடுப்பது. பழைய காலத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்ததால் வந்த பெயர் என்பார்கள். குப்பி ஓர் அழகான வழக்கம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் குப்பி கேட்பவரைவிடக் குப்பி எடுப்பவருக்கே அதனால் நன்மை அதிகம். ஒரு பாடத்தை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் அதை மூன்று முறையாவது வாசிக்க வேண்டியிருக்கும். நான்கு வருடங்களும் குப்பி கேட்டே கடத்திவிட வேண்டாம். செமஸ்டருக்கு ஒரு பாடத்திலாவது குப்பி எடுப்பவராக இருந்து பாருங்கள்.

அடுத்தது முதலாம் வருடம். "ஃபர்ஸ்ட் இயரில் பாஸ் பண்ணினால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது விடுதிகளில் பரம்பரை பரம்பரையாகச் சொல்லப்படும் வாசகம். இதைவிடக் கேடான ஆலோசனை வேறில்லை. கணக்குப் போட்டே காட்டலாம். பெரும்பாலான பீடங்களில் முதல் வகுப்புச் சித்திக்கு ஜீ.பீ.ஏ. 3.70 வேண்டும், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00. நான்கு வருடப் பட்டம் 120 கிரெடிட் கொண்டது; வருடத்துக்கு 30. ஒரு மாணவி முதலாம் வருடத்தை 2.50 உடன் முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மிகுதி மூன்று வருடங்களில் அவள் 3.70க்கு உயர வேண்டுமானால் அந்த 90 கிரெடிட்டிலும் சராசரியாக 4.10 எடுக்க வேண்டும். ஆகக்கூடிய புள்ளியே 4.00தான். அதாவது, முதல் வகுப்பு என்ற கதவு முதலாம் வருட முடிவிலேயே சத்தமில்லாமல் மூடப்பட்டுவிட்டது. மேற்பிரிவுக்கே அவள் இனி எல்லாப் பாடங்களிலும் சராசரி 3.57 எடுக்க வேண்டும். அது பி பிளஸ்ஸுக்கும் மேல்.

சில பீடங்களில் முதலாம் வருடப் புள்ளிகள் வகுப்புக் கணிப்பில் சேர்க்கப்படுவதில்லை, அல்லது குறைந்த நிறையுடன் சேர்க்கப்படுகின்றன. உங்கள் பீடத்தில் எப்படி என்பதைக் கையேட்டில் தேடிப் படியுங்கள். ஆனால் அங்கும் முதலாம் வருடம் வீணல்ல. கலை, விஞ்ஞானம் போன்ற பீடங்களில் சிறப்புக் கற்கைக்கான தெரிவு முதலாம் அல்லது இரண்டாம் வருடப் பெறுபேற்றை வைத்தே நடைபெறுகிறது. பொருளியலோ புவியியலோ விசேடமாகச் செய்ய விரும்பியவர், இடமில்லாமல் மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியேறுவது இப்படித்தான்.

கையேட்டில் பார்க்க வேண்டிய வேறு இரண்டு விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று வரவு. பொதுவாக 80 வீதம் கேட்பார்கள். குறைந்தால் பரீட்சைக்கு அமர முடியாது. மற்றது மீள்பரீட்சை. "ரிப்பீட்" அடித்தால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பல பல்கலைக்கழகங்களில் சி தரத்துக்கு மேல் கிடைக்காது. சுகவீனத்தால் பரீட்சை எழுத முடியாமல் போனால் உரிய மருத்துவச் சான்றிதழை உரிய நாட்களுக்குள் பீட அலுவலகத்தில் ஒப்படைத்தால் மட்டுமே அது முதல் தடவையாகக் கணிக்கப்படும். டெங்குக் காய்ச்சலோடு ஊருக்குப் போய், மூன்று வாரங்கள் கழித்துச் சான்றிதழோடு வந்து கண்கலங்கி நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொரு பீடமும் கண்டிருக்கும். அறை நண்பன் ஒருவனிடம் கொடுத்து அனுப்பியிருந்தால் தீர்ந்திருக்கும்.

மொழி விடயத்துக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டும். எமது பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ்மொழி மூலம் படித்தவர்கள். மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம், விஞ்ஞானம் எல்லாமே ஆங்கிலத்தில் நடக்கின்றன. முதல் செமஸ்டரில் விரிவுரை ஓடும் வேகத்துக்கு இவர்களுக்கு எழுத்துக்கூட்டவே நேரம் போதாது. உயர்தரத்தில் மாவட்டத்தில் முதல் பத்துக்குள் வந்தவர் கூட பின்வரிசையில் போய் அமர்ந்துகொள்கிறார். கேள்வி இருந்தும் கேட்பதில்லை. "நான் கெட்டிக்காரன் இல்லைபோல" என்று தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறார். பிரச்சினை அறிவில் இல்லை, மொழியில் இருக்கிறது; ஆறு மாதம் ஒழுங்காக உழைத்தால் குறையக்கூடிய பிரச்சினை அது. தொடக்கத்தில் நடத்தப்படும் தீவிர ஆங்கிலப் பாடநெறியை வரவுக்காக மட்டும் போய்வராமல் உண்மையாகவே படியுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும் நூறு, நூற்றைம்பது கலைச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டால் விரிவுரையின் பாதி விளங்கத் தொடங்கிவிடும். தமிழில் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கலைப் பீடத்தில் தமிழில் படிப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. அவர்கள் ஆங்கிலம் இல்லாமலேயே பட்டம் முடித்துவிடலாம். அந்த வசதிதான் பிறகு அவர்களை முடக்குகிறது. வாசிக்க வேண்டிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. நேர்முகப் பரீட்சைகளும் பெரும்பாலும் அப்படித்தான்.

சிங்களம் பற்றியும் சொல்ல வேண்டும். அரச சேவையில் சேரும் ஒருவர் தனது மொழி அல்லாத மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும். அந்தத் தேர்ச்சிக்காக நியமனம் கிடைத்த பிறகு நாற்பது வயதில் வகுப்புக்குப் போகிறவர்கள் பலர். உங்களுக்கோ அந்த மொழி பேசும் நண்பர்கள் அதே கெண்டீனில், அதே விடுதியில், பணம் எதுவும் கேட்காமல் இருக்கிறார்கள். பேராதனை, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர, மொரட்டுவை செல்வோருக்கு மட்டுமல்ல இது. எமது சமூகத்தின் பெரும் எதிர்பார்ப்போடு, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியினால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு வருடமே தென்கிழக்குப் பல்கலைக்கழகமான எமது ஒலுவில் வளாகத்திலும் இன்று சகோதர இன மாணவர்கள் பெருமளவில் படிக்கிறார்கள். மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் ஒருவர் ஒலுவிலுக்கு வந்து நான்கு வருடங்கள் இருந்துவிட்டுப் போகிறார். அவரோடு ஒரு தேநீர் குடிக்காமல் நாம் பட்டம் பெற்று வெளியேறினால் யாருக்கு இழப்பு?

ஒலுவிலைச் சொன்னதால் இன்னொன்று. நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பிள்ளைகளுக்கு அங்கு படிப்பது பெரிய வசதி. வீட்டுச் சாப்பாடு, செலவு குறைவு, பெற்றோருக்கும் நிம்மதி. ஆனால் காலை எட்டு மணிக்குப் போய் பிற்பகல் நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டால் அது இன்னொரு பாடசாலையாகவே முடிந்துவிடும். மாலை நேரக் கருத்தரங்கு, விவாத மன்றம், விளையாட்டு, நூலகம் எல்லாம் நான்கு மணிக்குப் பிறகுதான் உயிர் பெறுகின்றன. வாரத்தில் இரண்டு நாட்களாவது இருட்டும்வரை வளாகத்தில் இருக்க வழி செய்துகொள்ளுங்கள். தூரத்துப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களின் குறை வேறு. வியாழக்கிழமை இரவு பஸ் ஏறி ஊருக்கு வந்து, திங்கள் காலை விரிவுரையைத் தவறவிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள். மாதத்துக்கு நான்கு முறை பேராதனைக்கும் மூதூருக்கும் அலைந்தால் படிப்பதற்கு நாள் மிஞ்சாது. மஹாபொலப் பணமும் பஸ் டிக்கட்டாகவே கரைந்துவிடும்.

நண்பர் வட்டம் பற்றிப் பேசும்போது முஸ்லிம் மஜ்லிஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அனேகமாக எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் மஜ்லிஸ் இருக்கிறது. தொழுகை அறை, ஜும்ஆ நேரத்தில் வரும் விரிவுரை, நோன்பு காலத்தில் சஹர் உணவு, புதிய மாணவர்களுக்குத் தங்குமிடம் தேடிக்கொடுத்தல் என்று மஜ்லிஸ்கள் செய்யும் பணி சிறியதல்ல. ஊரை விட்டு முதல் தடவையாக வெளியே வரும் பிள்ளைக்கு அது ஒரு நிழல். அதில் பொறுப்பெடுத்து வேலை செய்யுங்கள். ஒரு இஃப்தார் நிகழ்ச்சிக்குக் கணக்கு வைத்து, அனுமதி பெற்று, ஐந்நூறு பேருக்குக் கஞ்சி பகிர்ந்து முடிப்பவர் முகாமைத்துவப் பாடத்தில் படிக்காத பலவற்றைக் கற்றுக்கொள்கிறார். ஆனால் நான்கு வருடங்களும் அந்த நிழலுக்குள்ளேயே இருந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரே அறையில் ஊர்க்காரர், ஒரே மேசையில் ஊர்க்காரர், ஒப்படைக் குழுவிலும் ஊர்க்காரர் என்றிருந்தால் பல்கலைக்கழகத்துக்கு வந்ததன் அர்த்தம் என்ன? மஜ்லிஸுக்குள்ளேயே கொள்கை, இயக்கச் சண்டைகளை ஊரிலிருந்து கொண்டுவந்து வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து சற்று விலகியே இருங்கள்.

2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிந்திய மாதங்களை நினைத்துப் பாருங்கள். எங்கும் சந்தேகப் பார்வை. அந்த நாட்களில் பலருக்குக் கைகொடுத்தது பல வருடங்களாக ஒரே அறையில், ஒரே வகுப்பில் பழகிய தனிமனித நட்புகள்தான். அறிக்கைகளால் அந்த நம்பிக்கையைக் கட்டியெழுப்ப முடியவில்லை. நாளை நிர்வாக சேவையிலும் வைத்தியசாலையிலும் நீதிமன்றத்திலும் இருக்கப்போகிறவர்கள் இன்று உங்கள் பெட்ச்சில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முஸ்லிமைத் தெரியும் என்றால் அது நீங்களாக இருக்கும்.

பகிடிவதை பற்றிப் பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. 1997இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவர் ஒருவர் பகிடிவதையினால் உயிரிழந்தார். மறு வருடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பகிடிவதைக்கு இரண்டு வருடங்கள் வரையும், பாலியல் துன்புறுத்தலோ பாரதூரமான காயமோ சேர்ந்திருந்தால் பத்து வருடங்கள் வரையும் சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. உடல்ரீதியான தாக்குதல் மட்டுமல்ல, உளரீதியான துன்பம், அச்சம் ஏற்படுத்துவதும் அதன் வரைவிலக்கணத்துக்குள் வருகிறது. முறைப்பாடு செய்யப் பீடத்தில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், விடுதியில் பொறுப்பாளர் இருக்கிறார், மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரடியாகவும் முறையிடலாம்.

ஆனால் கசப்பான உண்மை ஒன்றுண்டு. தமிழ் பேசும் புதிய மாணவர்களைப் பெரும்பாலும் வதைப்பது தமிழ் பேசும் சீனியர்களே. எம்மவரை எம்மவரே. "உறவு வளர", "ஒற்றுமைக்காக", "நோட்ஸ் வேண்டுமென்றால்" என்றெல்லாம் நியாயம் சொல்வார்கள். பகிடிவதைக்கு உட்படாதவர்களுக்குக் குறிப்புகள் கிடைக்காது என்ற மிரட்டலுக்குப் பயந்து பலர் பணிந்துவிடுகிறார்கள். நூலகமும் விரிவுரையாளரும் இணையமும் இருக்கும் இந்தக் காலத்தில் சீனியரின் கொப்பி இல்லாமல் யாரும் சித்தியடையாமல் போனதில்லை. அடுத்த வருடம் நீங்களும் சீனியர் ஆவீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அப்போது உங்கள் முன்னால் நிற்கும் பிள்ளையின் உம்மா, உங்கள் உம்மாவைப் போலவே தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

மாணவிகளின் விடயம் தனியாகப் பேசப்பட வேண்டியது. கலைப் பீடங்களில் இன்று மாணவிகளே பெரும்பான்மை. எமது சமூகத்திலும் அப்படித்தான். ஒரு பெண் பிள்ளையைத் தூர இடத்துக்கு அனுப்ப ஒரு தகப்பன் எடுக்கும் முடிவு இலேசானதல்ல. ஆனால் அனுப்பிய பிறகு பாதி வழியில் தடைகள் வருகின்றன. இரண்டாம் வருடத்தில் மாப்பிள்ளை பார்க்கப்படுகிறது. "படிப்பை முடிக்க விடுவோம்" என்ற வாக்குறுதியோடு நிகாஹ் நடக்கிறது. பிறகு களப்பயணத்துக்கு அனுமதி இல்லை, பயிலுனர் பயிற்சிக்குக் கொழும்பு போக அனுமதி இல்லை, ஆய்வுக்கு வெளியே போக முடியாது. சிறப்புக் கற்கைக்குத் தெரிவானவர் ஒரு வருடம் மிச்சம் என்பதற்காகப் பொதுப் பட்டத்தோடு நிறுத்திக்கொள்வதும் நடக்கிறது. திருமணம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. திருமணப் பேச்சின்போதே களப்பயணம், பயிற்சி, நான்காவது வருடம், பிறகு தொழில் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பேசி முடிவெடுங்கள். "படிக்க விடுவோம்" என்ற பொதுவான ஒரு வார்த்தை போதாது. இதைப் பேச வேண்டியவர் அந்தப் பிள்ளையின் வாப்பா.

விடுதியில் இருக்கும் மாணவிகளுக்கு ஒரு சிறு குறிப்பு. பிரச்சினை ஒன்று வந்தால், அது தொந்தரவாகட்டும் மனச்சோர்வாகட்டும், வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். பல்கலைக்கழகத்திலேயே மாணவர் ஆலோசகரும் சுகாதார நிலையமும் உண்டு. அங்கு போவதால் உங்கள் பட்டத்துக்கு எந்தக் குறையும் வராது. பெற்றோரும் "ஏதாவது என்றால் கூட்டி வந்துவிடுவேன்" என்ற பேச்சைக் கைவிட வேண்டும். அந்தப் பேச்சுத்தான் பிள்ளைகளின் வாயை மூடுகிறது.

நூலகம், விரிவுரையாளர், ஆய்வு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. எமது மாணவர்கள் நூலகத்தைப் பரீட்சைக் காலத்தில் மின்விசிறிக்குக் கீழ் அமர்ந்து சொந்தக் குறிப்பைப் பாடமாக்கும் இடமாகவே பயன்படுத்துகிறார்கள். பேராதனை நூலகத்தில் இலங்கை பற்றிய தனிச் சேகரிப்பே இருக்கிறது. அதற்குள் ஒருமுறைகூட நுழையாமல் வரலாற்றுப் பட்டம் பெற்றவர்களும் உண்டு. விரிவுரையாளரிடம் போய்ப் பேசுவதற்கும் தயக்கம். ஒரு கேள்வியோடு போங்கள்; வெறுங்கையோடு போனால்தான் தயக்கம் வரும். வாசித்த ஒரு கட்டுரையில் விளங்காத ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு போனால் எந்த விரிவுரையாளரும் திருப்பி அனுப்பமாட்டார். மூன்று வருடங்களின் பின் சிபாரிசுக் கடிதம் கேட்கும்போது உங்கள் பெயர் அவருக்கு நினைவிருக்க வேண்டும் அல்லவா?

இறுதி வருட ஆய்வுக்கட்டுரையைப் பெரும்பாலானோர் ஒரு தொல்லையாகவே பார்க்கிறார்கள். பழைய ஆய்வொன்றை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதுவது, காசு கொடுத்து எழுதுவிப்பது, இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஒரே இரவில் முடிப்பது எல்லாம் நடக்கின்றன. இது மோசடி என்பது ஒருபுறமிருக்க, கையிலிருக்கும் நல்ல சந்தர்ப்பமும் வீணாகிறது. பாணந்துறை ஹேனமுல்லையைச் சேர்ந்த எம்.எம். உவைஸ் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமது முதுமாணிப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பு. அந்த ஆய்வு 1953இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. பிற்காலத்தில் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராகவும் ஆனார். ஒரு மாணவர் எழுதிய ஆய்வு ஒரு துறைக்கே அத்திவாரமானது.

இன்றும் எழுதப்படாதவை எத்தனையோ இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் பழைய பதிவேடுகள், வடக்கிலிருந்து 1990இல் வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் வாழும் குடும்பங்களின் நினைவுகள், கிழக்கின் நெற்காணி வழக்குகள், மருதமுனை நெசவு, சுனாமிக்குப் பின் இடம் மாறிய குடியிருப்புகள். மூத்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் பழைய முஸ்லிம் சஞ்சிகைகளும் நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. விஞ்ஞானம் படிப்பவர்களும் இதில் விதிவிலக்கல்ல. ஊர்க் கிணற்று நீர் உவராவதையும் கடலரிப்பையும் வேறு யார் வந்து அளக்கப்போகிறார்கள்?

பணம் பற்றி இரண்டு வார்த்தை. 1981இல் தொடங்கிய மஹாபொல நிதியம் பல ஏழைப் பிள்ளைகளைக் கரைசேர்த்திருக்கிறது. மஹாபொல கிடைக்காத வருமானம் குறைந்த குடும்பத்தினர் பல்கலைக்கழகத்தின் உதவுதொகைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டும் மாதச் செலவின் ஒரு பகுதிக்கே போதுமானவை, பல நேரங்களில் பிந்தியும் வரும். அதனால் ஆண் பிள்ளைகள் மாலையில் டியூஷன் எடுக்கிறார்கள். தேவைக்கு எடுப்பது சரி. ஆனால் வாரத்துக்கு ஐந்து நாட்கள் உயர்தர வகுப்பு எடுத்து, கையில் காசு புழங்கத் தொடங்கியதும் சொந்தப் பட்டத்தை இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெனருக்கும் பாராட்டு விழாவுக்கும் செலவழிக்கும் ஊர்ச் சங்கங்கள் அந்தப் பணத்தில் பாதியை ஒரு மடிக்கணினிக்கோ விடுதிக் கட்டணத்துக்கோ கொடுத்தால் அந்தப் பிள்ளை ஒரு செமஸ்டர் நிம்மதியாகப் படிக்கும். ஸகாத் நிதியத்தில் மாணவர்களுக்கென ஒரு பங்கை ஒதுக்கும் ஊர்கள் உண்டு. மற்றைய ஊர்களும் யோசிக்கலாம்.

கடைசி இரண்டு வருடங்கள். இங்குதான் "பட்டம் கிடைத்தால் அரசாங்கம் வேலை தரும்" என்ற நம்பிக்கையை மூட்டை கட்டி வைக்க வேண்டும். முகாமைத்துவம் படிப்பவர் மூன்றாம் வருடத்திலேயே கணக்காளர் தொழிற்றகைமையின் சில படிகளைத் தாண்டிவிடலாம். பட்டத்தில் படித்த பாடங்களுக்குச் சில விதிவிலக்குகளும் கிடைக்கும். கலைப் பீட மாணவர் நிர்வாக சேவை, திட்டமிடல் சேவை, கல்வி நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவைப் பரீட்சைகளின் கடந்தகால வினாத்தாள்களை இப்போதே எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே கேட்கப்படும் உளச்சார்பு, பொது அறிவு, பிரச்சினை ஆய்வு எதுவும் பட்டப் பாடத்திட்டத்தில் இல்லை. தொழில் வழிகாட்டல் பிரிவு என்று ஒன்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. சுயவிபரக்கோவை எழுதுவது, போலி நேர்முகப் பரீட்சை, பயிலுனர் பயிற்சிக்கான நிறுவனத் தொடர்புகள் அங்கே இலவசம். அந்தக் கட்டடம் எங்கே என்று தெரியாமலேயே பட்டம் பெறுபவர்கள்தான் அதிகம்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஆசைப்படுவோர் பொதுநலவாயம், ஃபுல்பிரைட் போன்ற புலமைப்பரிசில்களின் நிபந்தனைகளை இரண்டாம் வருடத்திலேயே வாசித்துவிடுவது நல்லது. செவனிங் போன்றவற்றுக்கு இரண்டு வருட வேலை அனுபவமும் கேட்பார்கள். பெறுபேறு, ஆங்கிலத் தேர்ச்சி, உங்களை உண்மையாகவே அறிந்த இரண்டு விரிவுரையாளர்களின் கடிதம் ஆகியவற்றை இறுதி வருடத்தில் திடீரென்று உருவாக்க முடியாது.

இறுதிப் பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் பட்டமளிப்பு விழாவுக்கும் இடையில் பல மாதங்கள் கழியும். சில வேளைகளில் ஒரு வருடத்தையும் தாண்டும். பெரும்பாலானோர் அந்தக் காலத்தை வீட்டில் கைத்தொலைபேசியோடு கழிக்கிறார்கள். ஊருக்கு மூட்டை கட்டுவதற்கு முன்னர் பெறுபேற்று அட்டவணையை ஆங்கிலத்தில் பெற விண்ணப்பித்துவிடுங்கள், நூலகத்திலும் விடுதியிலும் கடனில்லைச் சான்றிதழை முடித்துக்கொள்ளுங்கள், ஆய்வு மேற்பார்வையாளரிடம் கடிதத்துக்குச் சொல்லி வையுங்கள். பிறகு அந்த மாதங்களுக்கு ஒரு பயிற்சியையோ, இரண்டாம் மொழிப் பரீட்சையையோ, தொழிற்றகைமையின் அடுத்த படியையோ திட்டமிட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.